பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

பார்வதியம்மாள் தன் புருஷன் பேரை வாயால் சொன்னது சின்னப்பிள்ளையில்தான். சுயம்பு அவளுக்கு அத்தை மகன். அவளைப் பெற்ற ஐயாவுக்கு நேர் மூத்த அக்காள் பேராச்சி. பேராச்சியின் மூத்த மகன் வானமாமலை, இளைய மகன் சுயம்பு. சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் தேரி ஓரத்து ஊரில் எல்லாரும் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். "ஏல சுயம்பு, நில்லுல" என்று கத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடியவள்தான் பார்வதி. அவள் சமைந்த அன்று தலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பேராச்சி, சொம்பைக் கீழே வைத்த கையோடு சொன்னாள்: "இனி அவன் பேரு ஒன் வாயில வரப்படாது. நீ சொல்லுத ஒவ்வொரு தடவையும் அவன் ஆயுசுல கொறையும்." அத்தோடு அந்தப் பேர் நின்றுபோயிற்று.

கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபிறகு அதில் ஒரு சங்கடம் சேர்ந்தது. ஊர்ப்பக்கத்துச் சாமி பேர் என்பதால் அவர்கள் சந்தில் சுயம்பு மூன்று பேர். தண்ணி கேன் போடுகிறவர் ஒருவர், இஸ்திரிக் கடைக்காரன் ஒருவன், மூன்றாவது அவள் புருஷன். பார்வதியம்மாள் மற்ற இருவரையும்கூடப் பேர் சொல்ல மாட்டாள். "தண்ணிக்கார அண்ணாச்சி" என்பாள், "இஸ்திரித் தம்பி" என்பாள். இஸ்திரித் தம்பிக்கு அதில் கேலி. "அக்காவுக்கு எம்பேரு தெரியாது. ரேஷன் கார்டைக் கொண்டாந்து காட்டுனாத்தான் நம்புவாவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

சுயம்புவுக்கு டின் பட்டறையில் வேலை. பழைய எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, தகடாக நிமிர்த்துகிற வேலை. தகட்டுக் கட்டைத் தலையில் வைத்துச் சுமந்து சுமந்து, துண்டை இடது காதுக்குப் பின்னால் முடிந்து முனையைத் தோளில் தொங்கவிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. வேலை இல்லாத நாளிலும் அந்தக் கட்டு இருக்கும். சினிமாவுக்குப் போனாலும் இருக்கும். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பிவண்டிக்கு மாற்றிக்கொண்டு போனபோது இவரைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து விரலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். பேச்சு குறைந்துவிட்டது. போன ஆடியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று போனார். சண்டை இல்லை, கோபம் இல்லை, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பேர் கேட்டபோது பார்வதியம்மாள் மகள் கலைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். மகள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல் எல்லாம் தேடினார்கள். சவக்கிடங்கிலும் கூப்பிட்டுக் காட்டினார்கள். துணியை விலக்கும்போதெல்லாம் அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

கலைச்செல்விக்கு மாப்பிள்ளை சீத்தா கேம்ப்பில். சுயம்பு காணாமல் போவதற்கு முன்னாலேயே அவரே பூ வைத்துப் பேசிய சம்பந்தம். கல்யாணம் வைகாசியில், ஊரில். வானமாமலை அங்கே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். பங்குனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவர் பார்வதியம்மாளுக்குப் போன் போட்டார்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு தாயி. ஒரு எடந்தான் பாக்கி. தம்பி பேருக்கு முன்னால என்ன போட?"

பார்வதியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெய்வத்திருன்னு போட்டா நீ கழுத்துல கெடக்கதக் கழத்தணும். மேடைக்கு வரமுடியாது. போடாம விட்டா பொண்ணுக்கு ஐயா எங்கன்னு நாலு பேரு கேப்பான், சம்பந்தக்காரருக்குத் தலையிறக்கம். அவியளும் எத்தனை நாளைக்குப் பொறுப்பாவ? நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லிரு. அச்சாபீஸ்காரன் காத்துக்கிட்டு இருக்கான்."

"சரி அத்தான்" என்றாள். போட்டோ விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் போட்டோ கிடைத்தது மாட்டுங்காவில். அங்கே ஜகந்நாதன் சார் வீட்டில்தான் பார்வதியம்மாள் வேலை செய்கிறாள். அவரும் ராஜலக்ஷ்மி மாமியும் பாலக்காட்டுக்காரர்கள். சார் ரிட்டையர் ஆனதிலிருந்து பறவை பார்க்கப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பும். போன வாரம் ஐரோலியில், கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழியில் படகில் போய் எடுத்த படங்களை டி.வி.யில் போட்டு மாமிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பார்வதியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்வதி, நீயும் பாரேன். எவ்வளவு ஃபிளமிங்கோ! ரோஜாப்பூ கொட்டினாப்பல இருக்கு" என்றார் சார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பூநாரைகள் அவள் கண்ணில் படவில்லை. படத்தின் கோடியில், சேறு முடிந்து அலையாத்திக் காடு தொடங்குகிற இடத்தில், ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு. முனை இடது தோளில் தொங்கியது.

துடைக்கிற துணியோடு எழுந்துபோய் அந்த ஆளை விரலால் தொட்டுக் காட்டினாள். சார் படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க உருவம் கலைந்து கட்டம் கட்டமாகப் போயிற்று. முகம் தெரியவில்லை. துண்டு மட்டும் தெரிந்தது. ஸ்டேஷனில் காட்டியதற்கு, இதை வைத்து என்னம்மா செய்ய என்றார்கள். "அந்தப் பக்கம் நடந்து போக முடியாது பார்வதி, எல்லாம் சேறு. வர ஞாயித்துக்கிழமை மறுபடியும் படகு போறது. நீயும் வந்துடு" என்றாள் மாமி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வானமாமலை கெடு வைத்த நாளும்.

வேனில் எல்லாரும் உல்லாசமாக வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா போகிற மாதிரி பேச்சும் சிரிப்பும். மாமி மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியை இலையில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். பறவை காட்டுகிற பெண் ரஞ்சனா, செம்பூர்ப் பெண், பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகப் பேசுவாள்.

"அங்கிள், போன வாட்டி பிளாஸ்டிக் பையைப் பாத்து வெள்ளைக் கொக்கு, எக்ரெட்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது காத்துல அசைஞ்சதும்மா."

"ஏன்னா, இன்னிக்காவது கண்ணாடியத் தொடச்சுண்டு பாருங்கோ" என்றாள் மாமி. வேன் முழுக்கச் சிரித்தது. பார்வதியம்மாளும் சிரித்து வைத்தாள். மடியில் ஒரு பை. அதில் அவருடைய சட்டை ஒன்றும் கைலி ஒன்றும் இருந்தன. சேற்றிலிருந்து வருகிறவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டாமா? பையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

படகோட்டி அந்தக் கரையோரத்துக் கோளி மீனவர், வெற்றிலை போட்ட வாய். அவரிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டுவிடலாம் என்று ரஞ்சனா சொன்னாள். பார்வதியம்மாள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துபோகும். நேரில் பார்க்கிறவரைக்கும் முடியாமல் இருக்கட்டும்.

தண்ணீர் கலங்கலாக, சாக்கடையும் உப்பும் கலந்த வாடையோடு இருந்தது. தூரத்தில் மின்சாரக் கோபுரங்கள். படகு ஒரு வளைவு திரும்பியதும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். கரை கண்ட மட்டும் பூநாரை. தலையைக் கவிழ்த்துச் சேற்றைத் துழாவிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியைப் போல நெருக்கியடித்து நின்றன.

"யாரும் சத்தம் போடாதீங்க, ப்ளீஸ்" என்று ரஞ்சனா கிசுகிசுத்தாள். படகோட்டி என்ஜினை நிறுத்தினார்.

மாமி தன் பைனாகுலரைப் பார்வதியம்மாள் கையில் கொடுத்தாள். முதலில் அவளுக்குத் தன் கண் இமைதான் தெரிந்தது. பிறகு கறுப்பாக ஏதோ. மாமி திருகைத் திருப்பிவிட்டாள். பறவைக் கால்கள், குச்சி குச்சியாகக் கால்கள். பார்வதியம்மாள் கால்களைத் தாண்டிப் போனாள். சேற்றைத் தாண்டினாள். அலையாத்தி வேர்கள் ஊசி ஊசியாக நின்றன. அந்த வேர்களுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு, குத்தவைத்து ஒரு ஆள். துண்டு. தொங்குகிற முனை.

"அந்தா இருக்காவ" என்றாள். மாமியின் கையைப் பிடித்து இழுத்தாள். மறுபடியும் சொன்னாள். "மாமி, அந்தா இருக்காவ."

சார் தன் கேமராவைத் திருப்பினார். "ஆமாம், ஒருத்தர் இருக்கார். முகம் அந்தப் பக்கம் இருக்கு."

"கிட்ட விடச் சொல்லுங்க சார்."

படகோட்டி முடியாதென்று கையை ஆட்டினார். இதற்கு மேல் போனால் சேற்றில் குந்திவிடும், கடல் தண்ணீர் மறுபடி ஏறுகிறவரைக்கும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று ரஞ்சனா எடுத்துச் சொன்னாள்.

"அப்பக் கூப்பிடு" என்றாள் மாமி.

பார்வதியம்மாள் எழுந்து நின்றாள். படகு ஆடியது. "இந்தாருங்க" என்று கூப்பிட்டாள். அப்படித்தான் அவரைக் கூப்பிடுவது வழக்கம், அடுக்களையிலிருந்து வாசலுக்குக் கேட்கிற அளவில். காற்று அதைப் படகை விட்டு வெளியே போகவிடவில்லை. "கலைக்கு ஐயா… இந்தாருங்க…" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். ரஞ்சனா பறவைகளைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், தடுக்கவில்லை. அந்த ஆள் அசையவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு பார்வதி. ஊர்ல இருக்கறவாளெல்லாம் இந்தாருங்கதான். அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் எப்பிடி மாமி…"

"நான் வேணா கூப்பிடறேன்" என்று சார் இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"வேண்டாம் சார். வேத்தாள் சத்தம் கேட்டா ஓடிருவாவ. எஞ்சத்தம்னா நிப்பாவ."

மாமி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் இவரை ஏன்னான்னுதான் கூப்பிடறேன். எனக்குப் புரியறது. ஆனா இதுக்குமேல படகு போகாதுடி."

அந்த ஆள் எழுந்தான். குனிந்து எதையோ எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்த்துத் திரும்பினான். இன்னும் நாலு எட்டு வைத்தால் மரத்துக்குள் மறைந்துவிடுவான். மறைந்துவிட்டால் சாயங்காலம் வானமாமலையிடம் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. பார்வதியம்மாள் பைனாகுலரை இறக்கினாள். சொம்பை இறக்கி வைத்த பேராச்சி கண்முன் வந்தாள். ஆயுசுல கொறையும். குறைந்தால் குறையட்டும், இருக்கிற மிச்சம் கைக்கு வந்தால் போதும் என்று அவளுக்கு ஒரு வெறி வந்தது.

"சுயம்பு!"

அவளுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

"ஏல சுயம்பு, நில்லுல!"

பூநாரைகள் ஒரே வீச்சில் எழும்பின. அத்தனை இறக்கையின் அடியிலும் இருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே சமயத்தில் விரிந்து, சேறும் காடும் ஆளும் எல்லாம் மறைந்துபோயின. வண்ணான் துறையில் ஆயிரம் துணியை ஒன்றாக அடித்து உதறுகிற மாதிரி சத்தம். படகில் கேமராவைக்கூட யாரும் தூக்கவில்லை. பறவைகள் சாய்ந்து வளைந்து கழியின் மறுகரைக்குப் போனபிறகு இந்தக் கரை வெறிச்சென்று ஆயிற்று. அந்த ஆள் மட்டும் நின்றான். இந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

சார் கேமராவில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பார்வதியம்மாள் பைனாகுலரை எடுத்தாள். மீசை நன்றாகக் கறுத்த ஒரு வாலிபன். தோளில் நண்டுக் கூடை. யார் இந்தப் பொம்பளை இப்படிக் கத்துகிறாள் என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படகை அடையாளம் கண்டு கையை ஆட்டினான்.

படகோட்டியும் கையை ஆட்டிச் சிரித்தார். மராட்டியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் பார்வதியம்மாள்.

"அவரோட அக்கா பையனாம் ஆண்ட்டி. எல்லா சண்டேயும் இந்த இடத்துலதான் நண்டு பிடிப்பானாம். போன சண்டேயும் வந்தானாம்."

பார்வதியம்மாள் உட்கார்ந்தாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். படகு திரும்பியது.

சாயங்காலத்துக்கு இன்னொரு இடம் பாக்கி இருந்தது. தாராவிக்குப் பக்கத்திலேயே, ஆற்றோரத்தில், முன்பு குப்பை கொட்டிய மேட்டில் மரம் வைத்து வளர்த்த காடு. கூட்டத்தில் பலருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. "நீங்க பாருங்க, என்னால கெட வேண்டாம்" என்று பார்வதியம்மாள்தான் சொன்னாள். அவளுக்கும் வீட்டுக்குப் போக அது வழிதான்.

உள்ளே நல்ல நிழல். தயிர்சாதம் சாப்பிட்டார்கள். பிறகு எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தார்கள். மாங்குயில் ஒன்று மஞ்சளாக இலைக்குள் பாய்ந்தது. சிறுபிள்ளை மாதிரி ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக் காட்டிக்கொண்டார்கள். பார்வதியம்மாள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நாக்கில் அந்தப் பேர் இன்னும் கசந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் காத்து வைத்திருந்ததை, யாரோ ஒரு நண்டுக்காரனைப் பார்த்துக் கொட்டிவிட்டாள். அவர் எங்கேயாவது ஒரு பிளாட்பாரத்தில் படுத்திருந்தால், ஒரு சத்திரத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றிருந்தால், அந்த நேரத்துக்கு அவருக்கு என்ன ஆகியிருக்கும்? மார் அடைத்திருக்குமா? தான்தான் முடித்துவிட்டோமா?

ஜகந்நாதன் சார் வந்து பக்கத்தில் நின்றார். "அந்தப் போட்டோவை நான் காட்டியிருக்கப்படாது பார்வதி."

"நீங்க பறவையத்தான சார் காட்டுனீய."

அப்போது டொக், டொக், டொக் என்று ஒரு சத்தம். சீராக, விடாமல், டின் தட்டுகிற சத்தம். பார்வதியம்மாள் எழுந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தப் பட்டறை என்று பார்த்தாள். சார் மேலே கையைக் காட்டினார். கிளை நுனியில் கைக்குள் அடங்குகிற ஒரு பச்சைக் குருவி, நெற்றியில் சிவப்பு. அது தொண்டையை உப்ப உப்பச் சத்தம் வந்தது.

"குக்குறுவான். தகடு தட்டறாப்பல இல்லே?"

"இல்ல சார்" என்றாள் பார்வதியம்மாள். "அவிய தட்டுனா ரெண்டு தட்டு, ஒரு நிறுத்து. இது மூச்சு விடாமத் தட்டுது."

போன் அடித்தது. வானமாமலை.

"என்ன தாயி முடிவு பண்ணுன? அச்சாபீஸ்லதான் நிக்கேன்."

"எழுதிக்கிடுங்க அத்தான். முன்னால ஒண்ணும் போட வேண்டாம். திருவும் வேண்டாம், தெய்வத்திருவும் வேண்டாம். வெறும் சுயம்புன்னு போடுங்க."

அந்தப் பக்கம் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏ பார்வதி… பேரையே சொல்லிட்டியே" என்றார் வானமாமலை. "அப்ப நீயே முடிச்சுக்கிட்டியா தாயி? தம்பி இல்லன்னு ஒனக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரியல அத்தான். கூப்பிட்டுப் பாத்தேன். வேற ஆளு திரும்புனான்."

"சம்பந்தக்காரரு கேப்பாரே."

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க. மேடையில நீங்களும் உங்க வீட்டு மைனியும் நின்னு பிள்ளையக் குடுங்க. நான் கீழ நிக்கேன், கழுத்துல உள்ளதோட நிக்கேன். கழத்தச் சொல்லி யாரும் வரப்படாது."

"சரி, அப்பிடியே அடிக்கச் சொல்லுதேன்" என்றார் அவர். போனை வைக்குமுன் அவர் அழுதது கேட்டது. பார்வதியம்மாளுக்கு அழுகை வரவில்லை.

காட்டு வாசலில் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றாள். வராமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்று அவள் கேட்டாள். பிறகு ரோட்டைக் கடந்து தன் சந்துக்குள் நுழைந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலக் கூட்டம். மீன் வறுக்கிற வாசம். இஸ்திரிக் கடையில் அந்தத் தம்பி பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தான்.

பார்வதியம்மாள் கடைமுன் நின்றாள்.

"சுயம்பு" என்றாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "என்னக்கா? எம்பேரு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் பையைத் திறந்து சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "கலை கல்யாணத்துக்கு உடுத்த வேட்டி ஒண்ணும் வீட்டுல இருக்கு. காலையில கொண்டாரேன். ரெண்டையும் சேத்துத் தேச்சு வையி."

அவன் சட்டையைத் தொட்டான். யாருடையது என்று கேட்கவில்லை. "கஞ்சி போடணுமாக்கா?"

"வேண்டாம்" என்றாள் பார்வதியம்மாள். "அவியளுக்குக் கஞ்சி போட்டாப் பிடிக்காது."